"சடவா இருக்குதுங்க" என்று சொல்லும் பிள்ளைக்குத் துணை நிற்பது எப்படி

கொங்கு நாட்டில் மனம் உடைந்து வந்து நிற்கும் பதினேழு வயதுப் பிள்ளை ‘மனச்சோர்வு’ என்ற சொல்லைச் சொல்வதில்லை. ‘சடவா இருக்குதுங்க’ என்றுதான் சொல்கிறது. சடவு என்பது இங்கே உடல் அசதிக்கு வழங்கும் சொல். இரவு ஷிப்டில் தறி ஓட்டியவருக்கும் சடவு, நாள் முழுக்க மஞ்சள் வெட்டியவருக்கும் சடவு. ஆகவே அதைக் கேட்கும் பெரியவர்கள், ‘நேரத்துல சாப்பிட்டுட்டுப் படு கண்ணு, எல்லாஞ் செரியாப் போயிரும்’ என்று அன்போடு சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். பிள்ளையும் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறது. சொல்ல வந்தது சொல்லப்படாமலே பேச்சு முடிந்துவிடுகிறது.

பல ஆண்டுகளாகக் கல்லூரி மாணவர்களிடமும் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் இளையவர்களிடமும் ஆலோசகராகப் பேசி வருகிறேன். இந்தக் கட்டுரை மருத்துவர்களுக்காக எழுதப்பட்டதன்று. வகுப்பாசிரியர், விடுதிக் காப்பாளர், கம்பெனியில் லைன் பார்க்கும் சூப்பர்வைசர், பிள்ளைகள் நம்பிப் பேசும் ஒரு சித்தி அல்லது தாய்மாமன் என, முதலில் யாரிடம் அந்தச் சொல் வந்து விழுகிறதோ அவர்களுக்காக எழுதுகிறேன். நான் கற்றுக்கொண்டவற்றுள் தலையாயது இதுதான்: நம் ஊர்ப் பிள்ளை சொல்லும் முதல் பதில் மரியாதைக்குச் சொல்லும் பதில். ‘ஒன்னுமில்லீங்க’, ‘சும்மாதானுங்க’, ‘சடவுங்க’ என்பவை எல்லாம் எதிரில் இருப்பவருக்குத் தொந்தரவு தரக் கூடாது என்ற வளர்ப்பிலிருந்து வருகின்றன. துணை நிற்க விரும்புகிறவர் செய்யவேண்டிய முதல் வேலை, இரண்டாவது பதில் வரும்வரை எழுந்து போகாமல் இருப்பது.

இந்த வயதில் இது ஏன் அவசரம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாழ்நாளில் வரக்கூடிய மனநோய்களில் ஏறத்தாழப் பாதி 14 வயதுக்குள்ளும், முக்கால் பங்கு 24 வயதுக்குள்ளும் தலைகாட்டிவிடுகின்றன என்பது உலக அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட கணிப்பு. உணர்ச்சியைக் கிளப்பும் மூளைப் பகுதிகள் பதின்ம வயதிலேயே முழு வேகத்தில் இயங்கத் தொடங்கிவிடுகின்றன. அவற்றை நிறுத்தி நிதானிக்கும் மூளையின் முன்பகுதியோ இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. பத்தொன்பது வயதுப் பையனுக்கு ஒரு தோல்வி வாழ்வின் முடிவாகத் தெரிவது நடிப்பும் அல்ல, பிடிவாதமும் அல்ல.

பேசும் இடமும் கொடுக்கும் வாக்கும்

ஆசிரியர் அறையில் நான்கு பேர் காதுபடக் கூப்பிட்டு விசாரிப்பது எந்தப் பயனும் தராது. வீட்டிலும் அப்படித்தான், ஒறம்பரை (உறவினர்) வந்திருக்கும்போது ‘இவன் கொஞ்ச நாளா ஒரு மாதிரியா இருக்கிறான், நீங்க கொஞ்சம் சொல்லுங்க’ என்று பிள்ளையை நடுக்கூடத்தில் நிறுத்துவதைப் போன்ற கொடுமை வேறில்லை. முகத்துக்கு முகம் உட்கார்ந்து பேசுவது பெரியவர்களுக்குப் பழக்கமாக இருக்கலாம். பையன்களுக்கு அது விசாரணையாகப் படுகிறது. பக்கத்துப் பக்கத்தில் உட்காருவது நல்லது. வாய்க்கால் மேட்டில் நடந்துகொண்டே பேசலாம், தோட்டத்தில் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டே பேசலாம், டீக்கடையில் டீ வாங்கி வந்து வண்டி நிறுத்திய இடத்தில் நின்றபடியே பேசலாம். கைக்கு ஒரு வேலையும் கண்ணுக்குப் பார்க்க வேறு ஒரு பொருளும் இருந்தால் பேச்சு தானாக இறங்கி வரும். பெண்பிள்ளையானால், அவள் வசதியாக உணரும் இடம் எது என்று அவளையே கேட்டுவிட வேண்டும். கதவைச் சாத்துவதா திறந்து வைப்பதா என்பதையும் அவளே சொல்லட்டும்.

உட்கார்ந்த உடனே, பிள்ளை வாய் திறப்பதற்கு முன்பாகவே, ஒரு வாக்கைத் தெளிவாகக் கொடுங்கள். ‘நீ சொல்றதை உன்னைக் கேக்காம யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சாலோ, இன்னொருத்தரு உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சாலோ, உன்கிட்ட யாராச்சும் தப்பா நடந்திருந்தாலோ, அதை மட்டும் நான் தனியா வெச்சுக்க முடியாது, அப்பவும் உன்கிட்டச் சொல்லிட்டுத்தான் செய்வேன்’ என்பதே அந்த வாக்கு. ‘சத்தியமா யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று தலையில் அடித்துச் சொல்லாதீர்கள். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நேர்ந்திருப்பதை அறிந்த எவரும் அதைக் காவல் துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்று 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்கிறது. ஆசிரியருக்கும் காப்பாளருக்கும் மட்டுமல்ல, அத்தைக்கும் அது பொருந்தும். எங்கே தொடங்குவது என்று புரியாதவர்கள் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் கேட்கலாம். காப்பாற்ற முடியாத சத்தியத்தைச் செய்துவிட்டுப் பிறகு மீறினால், அந்தப் பிள்ளை வாழ்நாளில் இன்னொரு பெரியவரை நம்பாது.

இரண்டாவது பதில்

திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பையன் ஒருவன் என்னிடம் வந்தான். சில விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். அவனுடைய அப்பா ரிக் வண்டியில் வட மாநிலங்களுக்கு ஆழ்துளைக் கிணறு போடப் போகிறவர். நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். அவன் ஒற்றைப் பிள்ளை. வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்குகிறான் என்று அனுப்பிவைத்திருந்தார்கள். ‘என்னாச்சு தம்பி?’ என்றேன். ‘சடவா இருக்குதுங்க்கா’ என்றான். ‘ராத்திரி எந்நேரத்துக்குப் படுக்கறே?’ என்றேன். ‘நேரத்துலயே படுத்தர்றனுங்க’ என்றான். பிறகு இருவரும் பேசவில்லை. கையிலிருந்த தண்ணீர் பாட்டிலின் காகிதத்தை நகத்தால் சுரண்டிச் சுரண்டி, நீளமான கீற்றாக உரித்து, அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். இரண்டு நிமிடமாவது போயிருக்கும். பிறகு அவன் சொல்லையே எடுத்து, ‘அந்தச் சடவு எந்நேரத்துல எச்சா இருக்குது?’ என்று கேட்டேன் (எச்சா என்றால் அதிகமாக). அவன் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்து, ‘காத்தால எந்திரிக்கையிலதானுங்க்கா. எதுக்கு எந்திரிக்கோணும்னே இருக்குதுங்க’ என்றான்.

அந்த ஒரு கேள்வியை எல்லோரும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்த சடவு பொழுது சாயும்போது மிகும், தூங்கி எழுந்தால் குறையும். மனத்திலிருந்து வரும் சடவு பலருக்கு விடியற்காலையில்தான் பாறையாக ஏறி உட்கார்ந்திருக்கும். தூக்கம் அதைத் தீர்ப்பதில்லை. அதோடு சாப்பாட்டில் நாட்டமின்மை, முன்பு விரும்பிச் செய்தவற்றில் ஆசை விட்டுப்போவது, காரணமில்லாத எரிச்சல், தலைவலி வயிற்றுவலி என்று அடிக்கடி படுப்பது ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் நீடித்தால் அது மருத்துவரிடம் காட்டவேண்டிய நிலை. பதின்ம வயதில் சோகத்தைவிட எரிச்சல்தான் வெளியே தெரியும் என்பதால், ‘இப்பெல்லாம் எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுகறான்’ என்று தாய் சொல்வதையும் அசட்டை செய்யாதீர்கள்.

கேட்கும் முறையில் நான் கைக்கொள்வது மிக எளியது. பிள்ளை சொன்ன சொல்லையே திரும்ப எடுத்துக் கேட்பேன். என் சொல்லை அவன் வாயில் திணிக்க மாட்டேன். ‘வெசனமா இருக்குது’ என்றால் ‘எதைப் பத்தி வெசனம்?’ என்பேன், ‘பொக்குனு போச்சுங்க’ (ஏமாற்றமாகிவிட்டது) என்றால் ‘எப்பப் பொக்குனு போச்சு?’ என்பேன். ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்வியைத் தவிர்ப்பேன், ஏனென்றால் ‘ஏன் அப்படிச் செஞ்சே’ என்பது நம் வீடுகளில் அடிக்கு முன்னால் வரும் கேள்வி. எப்போது, எப்படி, யாரோடு, அப்புறம் என்ன என்று கேட்டால் பிள்ளை கதை சொல்வதுபோலச் சொல்லிவிடும். மௌனம் வந்தால் அதை நிரப்ப அவசரப்படுவதில்லை. நம்மூர்ப் பிள்ளைகள் வெகு நேரம் யோசித்துத்தான் சொல்வார்கள். நாம் பேச ஆரம்பித்துவிட்டால் மரியாதைக்காக நிறுத்திக்கொள்வார்கள்.

சொல்லக் கூடாதவை என்று சில உண்டு. ‘உனக்கென்ன கொறைச்சல், கேட்டதெல்லாம் வாங்கிக் குடுத்திருக்குது’ என்பது அவற்றில் முதலாவது. தோட்டத்தை அடமானம் வைத்து ஃபீஸ் கட்டிய வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் குறைச்சலின்மைதான் நெஞ்சின்மேல் ஏறி நிற்கிறது என்பதை அந்த வாக்கியம் மறந்துவிடுகிறது. ‘நாங்கெல்லாம் அந்தக் காலத்துல அஞ்சு மைல் நடந்து போனோம்’ என்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அந்த நேரத்தில் பேச்சு பிள்ளையிடமிருந்து நம்மிடம் இடம் மாறிவிடுகிறது. ‘இதுக்குப் போயா’ என்ற இரண்டு சொற்கள் மிகச் சிறியவையாகத் தெரியும். அவற்றைக் கேட்ட பிறகு வாய் மூடிக்கொண்ட பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பதிலுக்கு என்ன சொல்வது என்று தெரியாவிட்டால், ‘இத்தனை நாளு இதைத் தனியாவா வெச்சிருந்தே கண்ணு?’ என்று மட்டும் கேளுங்கள், போதும்.

உயிரைப் பற்றிக் கேட்பது

‘எதுக்கு எந்திரிக்கோணும்னு இருக்குது’, ‘நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி’, ‘எங்காச்சும் போயிரலாம்னு இருக்குது’ என்பன போன்ற பேச்சு வந்தால், நேரடியாகக் கேட்க வேண்டும்: ‘உசுரோட இருக்க வேண்டாம்னு தோணுதா சாமி?’ இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பெரும்பாலோர் அஞ்சுகிறார்கள். அது தவறான அச்சம். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை என்பது ஆய்வுகளில் பலமுறை உறுதியாகியிருக்கிறது. உள்ளே சுமந்துகொண்டிருந்த பிள்ளைக்கு, அதை உரக்கச் சொல்லக்கூடிய ஓர் ஆள் கிடைத்துவிட்டார் என்ற ஆறுதல்தான் உண்டாகிறது. நான் கேட்டபோது அந்தத் திருச்செங்கோட்டுப் பையன் நீண்ட நேரம் அழுதான். பிறகு, ‘தோணுதுங்க்கா, மார்க் கம்மியாயிட்டா அப்பா மூஞ்சியில எப்படி முழிக்கறதுன்னு’ என்றான்.

‘ஆமாம்’ என்ற பதில் வந்தால் பதறாதீர்கள், அதட்டாதீர்கள், ‘அம்மாவை நெனைச்சுப் பாத்தியா’ என்று குற்ற உணர்வைக் கூட்டாதீர்கள். எண்ணம் மட்டும்தானா, எப்படி, எப்போது என்று முடிவெடுக்கும் அளவுக்குப் போயிருக்கிறதா, இதற்கு முன் எப்போதாவது முயன்றதுண்டா என்று தணிந்த குரலில் கேளுங்கள். வழியும் நேரமும் யோசித்து வைத்திருக்கும் பிள்ளையை ஒரு நிமிடமும் தனியே விடக் கூடாது; அன்றே, அப்போதே, அரசு மருத்துவமனைக்கோ மனநல மருத்துவரிடமோ நீங்களே கூட்டிக்கொண்டு போக வேண்டும். எண்ணம் மட்டும் இருக்கும் பிள்ளைக்கு, அந்த எண்ணம் மிகும் நேரத்தில் யாரைக் கூப்பிடுவது, எங்கே போய் உட்காருவது, எது மனத்தைச் சற்றுத் திருப்பும் என்பதை அதன் கையெழுத்திலேயே ஒரு தாளில் எழுதச் செய்யுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண், அதாவது அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபர் 10 முதல் நாடு முழுவதும் இயங்குகிறது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் உண்டு. இரண்டையும் அந்தத் தாளில் எழுதிக் கைபேசி உறைக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

தோட்டம் வைத்திருக்கும் வீடுகளுக்கு இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்கிறேன். பயிருக்கு அடிக்கும் மருந்து டப்பாக்களைச் சாளையின் (தோட்டத்து வீட்டின்) திண்ணையிலும் மோட்டார் ரூமிலும் திறந்து வைக்காமல், பூட்டிய பெட்டியில் வைத்துச் சாவியை ஒருவர் பொறுப்பில் விடுங்கள். மீந்ததை வீட்டில் சேர்த்து வைக்காதீர்கள். இத்தகைய எண்ணம் பலருக்கு அலையாக எழுந்து சிறிது நேரத்தில் தணிவது. அந்தச் சிறிது நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதுதான் உயிரைக் காக்கிறது. ஏதேனும் உட்கொண்டதாகச் சந்தேகம் எழுந்தால், பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தயங்கிய குடும்பங்கள் உண்டு. அந்தப் பயம் இனித் தேவையில்லை. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் தருவது அரசின் கடமை என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 115ஆம் பிரிவில் சொல்கிறது. முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இடம்பெறவில்லை.

காதல் என்று வரும்போது

எங்கள் வட்டாரத்தில் இளையவர்களின் மனத்துயரத்தைப் பற்றி எழுதிவிட்டுச் சாதியைப் பற்றி எழுதாமல் விடுவது நேர்மையாகாது. காதல் தோல்வியில் வரும் பிள்ளைக்குத் துணை நிற்பது ஒப்பீட்டளவில் எளிது. நாள்கள் போகும், பேசப் பேச ஆறும். வேறு சாதியில் மனம் வைத்துவிட்டு, வெளியே தெரிந்தால் என்ன நடக்கும் என்ற அச்சத்தோடு வரும் பிள்ளையின் நிலை வேறு. அந்த அச்சத்தைக் கற்பனை என்று தள்ளிவிடாதீர்கள். சாதி மாறி மணந்த சங்கர் என்ற இளைஞர் உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச்சில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டதை அந்தப் பிள்ளை அறியும், நாமும் அறிவோம்.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு மாணவி தன் விருப்பத்தை என்னிடம் சொன்னாள். அவளுடைய தாய் மிகவும் மென்மையானவராகத் தெரிந்தார். அம்மாவுக்குத் தெரிந்தால் ஒரு துணையாக இருக்குமே என்று எண்ணி, அவளைக் கேட்காமலே அவரிடம் சொல்லிவிட்டேன். அடுத்த திங்கட்கிழமை அவள் வகுப்புக்கு வரவில்லை. அந்த மாதத்துக்குள்ளேயே அவளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். படிப்பை முடிக்க அவளுக்கு ஒரு பருவம்தான் மிச்சமிருந்தது. அன்று நான் செய்தது நல்லெண்ணத்தில் செய்த துரோகம். அதற்குப் பிறகு, பிள்ளையின் சம்மதமின்றி இந்த விஷயத்தை எந்த வீட்டிலும் நான் எடுத்ததில்லை.

ஆகவே முதலில் பாதுகாப்பைக் கேளுங்கள்: வீட்டில் யாருக்காவது தெரியுமா, யாராவது மிரட்டினார்களா, கைபேசியை வாங்கிப் பார்க்கிறார்களா, தங்க வேறு இடம் உண்டா. வயதையும் கேளுங்கள், இருவரில் ஒருவர் 18க்குக் கீழே இருந்தால் போக்சோ சட்டம் குறுக்கே வரும் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வயது வந்தவர்களானால், துணையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை அவர்களுடையது என்பதையும், இத்தகைய இணைகளுக்குப் பாதுகாப்புத் தர ஒவ்வொரு மாவட்டத்திலும் தனிப்பிரிவு அமைக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 27 அன்று ஆணையிட்டதையும் எடுத்துச் சொல்லலாம். பெண்களுக்கு 181 என்ற உதவி எண் இருக்கிறது. ‘விட்டுரு’ என்றோ ‘உறுதியா இரு’ என்றோ தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. அந்த முடிவின் விலையைக் கொடுக்கப்போகிறவர் நாம் அல்லர்.

பெற்றோரிடம் கொண்டுசெல்வது

பெரும்பாலான மற்ற துயரங்களில் பெற்றோரின் துணையின்றி நெடுந்தூரம் போக முடியாது. பிள்ளையிடம், ‘அப்பாகிட்ட எதைச் சொல்லட்டும், எதைச் சொல்ல வேண்டாம்?’ என்று முன்கூட்டியே கேட்டு, சொல்லப்போகும் வாக்கியத்தை அதன் முன்னால் ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். நம்மூர்த் தகப்பன்மார்கள் ‘உங்க பையனுக்கு மனநலப் பிரச்சினை’ என்ற சொல்லில் அப்படியே உறைந்துவிடுகிறார்கள். அடுத்து நாம் சொல்லும் எதுவும் காதில் ஏறுவதில்லை. அதனால் நான் கண்ட குறிகளிலிருந்து தொடங்குவேன். ‘ஒன்றரை மாசமாத் தூக்கமில்லீங்க, நாலு கிலோ எளைச்சிருக்கறானுங்க, காத்தால எந்திரிக்க முடியறதில்லீங்க, டாக்டர்கிட்டக் காட்டோணும்ங்க’ என்று சொன்னால் எந்தத் தகப்பனும் மறுப்பதில்லை. அந்தப் பையனின் அப்பாவோடு, அவர் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்காரும் நேரம் கேட்டுக் கைபேசியில் பேசினேன். வெகு நேரம் பேசாமல் இருந்தவர், ‘நான் எதுக்கும்மா இங்க புழுதி திங்கறேன், அவனுக்காகத்தானே’ என்றார். ‘அதை அவன்கிட்டச் சொல்லுங்க, மார்க்கைக் கேக்காம அதை மட்டும் சொல்லுங்க’ என்றேன். பத்து நாளில் ஊருக்கு வந்தார்.

தாய் தகப்பனையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடக் கூடாது. கோபமாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பயந்து போனவர்கள். வீட்டில் அமுச்சியோ அப்பாரோ (பாட்டியோ தாத்தாவோ) இருந்தால் அவர்களைத் தேடுங்கள். மதிப்பெண் கேட்காத ஒரே பெரியவர் பல வீடுகளில் அவர்கள்தான், சில பிள்ளைகள் அவர்களிடம் மட்டுமே ஒட்டிக்கொண்டு மீண்டிருக்கிறார்கள்.

விடுதிப் பள்ளிகளின் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் விடியற்காலை நாலரை மணிக்கு எழுப்பி இரவு பதினொன்று வரை படிக்க வைப்பதைப் பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 13 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. அந்த வயதில் தூக்கம் வரும் நேரமே உடலியல்பாகச் சற்றுத் தள்ளிப்போகிறது. தூக்கம் பறிக்கப்பட்ட மூளைக்கு எந்த ஆலோசனையும் ஏறாது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனம், தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. உங்கள் பிள்ளை சேரும் இடத்தில் அவர் யார், எந்த அறையில் இருக்கிறார் என்று சேர்க்கையின்போதே கேளுங்கள்.

மருத்துவர், மாத்திரை, கோவில்

நம் கையை மீறியவை எவை என்று தெரிந்திருப்பதும் துணை நிற்பதன் ஒரு பகுதி. யாரோ பேசுவது காதில் கேட்கிறது என்பது, எல்லோரும் தன்னைக் கவனிப்பதாக அஞ்சுவது, நாள்கணக்கில் தூங்காமலே தெம்போடு திரிந்து பணத்தை வாரி இறைப்பது, சாப்பாட்டை அறவே விடுவது, போதை மாத்திரைப் பழக்கம் ஆகியவை தெரிந்தால் பேசிக்கொண்டே இருக்காமல் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளிலும் கோவை, பெருந்துறை போன்ற ஊர்களின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. வெளிநோயாளியாகப் போய்க் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

மாத்திரை தொடங்கிய வீடுகளில் வரும் பேச்சு எனக்கு மனப்பாடம்: ‘தூக்க மாத்திரைங்க, பழகிப் போயிரும்ங்க’. மனச்சோர்வுக்குத் தரும் மருந்துகள் தூக்க மாத்திரைகள் அல்ல. அவை வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முழுப் பலன் தெரிய அதற்கும் மேல் ஆகலாம். பத்து நாளில் பலனில்லை என்று நிறுத்துவதும், நன்றாகிவிட்டது என்று மருத்துவரைக் கேட்காமல் ஒரேயடியாக நிறுத்துவதும் தவறு. 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொடக்க வாரங்களில் பதற்றமோ உயிர் பற்றிய எண்ணமோ கூடுகிறதா என்று வீட்டார் கூர்ந்து கவனிக்க வேண்டும். கூடினால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

குலதெய்வம் கோவிலுக்குப் போய்ப் பூப்போட்டுக் கேட்கிறோம், கயிறு மந்திரிச்சுக் கட்டுகிறோம் என்பார்கள். நான் ஒருபோதும் தடுப்பதில்லை. ‘கட்டுங்க, அதோட வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கும் வாங்க’ என்பேன். அடிப்பது, பட்டினி போடுவது, கட்டி வைப்பது என்று எவராவது தொடங்கினால் மட்டும் குறுக்கே நிற்பேன்.

கையில் கீறிக்கொண்ட தழும்போடு வரும் பிள்ளையைப் பற்றியும் ஒரு சொல். முழுக்கைச் சட்டையை மடித்துக் காட்டச் சொல்லாதீர்கள். உயிரை விடும் எண்ணத்தில் எல்லோரும் கீறிக்கொள்வதில்லை. தாங்க முடியாத ஒன்றைச் சற்று நேரம் தாங்கிக்கொள்ளவே பலர் அப்படிச் செய்கிறார்கள். ஆயினும் உயிர் பற்றிய கேள்வியை அவர்களிடமும் கேட்டே ஆகவேண்டும். காயத்துக்கு மருந்து போட்டுவிட்டு, ‘அந்நேரத்துல என்ன நடந்துச்சு?’ என்று கேளுங்கள்.

பேசி முடிந்த பிறகு

ஒருமுறை நன்றாகப் பேசிவிட்டால் வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்கிறோம். மறுநாள் காலையில் அந்தப் பிள்ளைக்கு, நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டோமே என்ற கூச்சம் வரும். உங்களைக் கண்டால் ஒதுங்கும். அதனால் மறுநாளே நீங்கள் போய்ச் சாதாரணமாக இரண்டு வார்த்தை பேசுங்கள், ‘சாப்டயா’ என்றாவது கேளுங்கள். பிறகு மூன்றாம் நாள், அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று நாள் குறித்துக்கொள்ளுங்கள். செய்யச் சொல்லும் வேலைகள் மிகச் சிறியவையாக இருக்கட்டும்: காலையில் எழுந்து வாசல் வெயிலில் பத்து நிமிடம் நிற்பது, சாயங்காலம் அப்பாரோடு தோட்டத்தைச் சுற்றிவருவது, ஒரே ஒரு கூட்டாளியைக் கூப்பிட்டுப் பேசுவது. மனம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் மனம் வராது. செய்யச் செய்யத்தான் சிறிது சிறிதாக வரும். முடியாத நாளில் முடியவில்லை என்று சொல்ல இடம் கொடுங்கள்.

எழுதிவைக்கும் குறிப்புகளில் முழுப்பெயர் வேண்டாம்; பீரோவில் பூட்டி வையுங்கள். கனமான பேச்சுக்குப் பிறகு உங்களுக்கே தூக்கம் வராது. பெயர் சொல்லாமல், அனுபவமுள்ள இன்னோர் ஆலோசகரிடம் அதை இறக்கி வையுங்கள்.

தேர்வு முடிவு வரும் நாளுக்கு நான் தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். அந்த ஆண்டில் கவலைப்படும்படி இருந்த பிள்ளைகளின் எண்கள் அதில் இருக்கும். முடிவு வருவதற்கு முன்பே, காலை ஏழு மணிக்கெல்லாம் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, மார்க் எதுவானாலும் பத்து மணிக்கு நான் கூப்பிடுவேன், எடுக்க வேண்டும் என்று சொல்லிவிடுவேன். அன்று பிள்ளையைத் தனியே வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகவேண்டாம் என்று பெற்றோரிடமும் முந்தின நாளே கேட்டுக்கொள்வேன். தவறியவர்களுக்குச் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு உண்டு, ஆண்டு வீணாகாது என்பதை அந்தப் பத்து மணி அழைப்பில் சொல்வேன். அதற்குமேல் அப்போது எதுவும் பேசுவதில்லை. எடுக்காத எண்ணை மறுபடியும் கூப்பிடுவேன், அப்போதும் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுவேன். அவர்கள் போய்ப் பார்த்துவிட்டு, ‘இங்கதானுங்க இருக்கறான், போனு சார்ஜ் போட்டிருக்கறான்’ என்று சொல்லும்வரை இணைப்பைத் துண்டிக்க மாட்டேன்.